மறுகா பாப்பம் என்றால் மூட்டு காத்திருக்காது

பெரிய நாய்களின் முழங்கை நோயும், அதன் செலவும், காப்புறுதி என்ற பேச்சும்

பேராதனையில் தொடங்கும் ஏ-5 நெடுஞ்சாலை கம்பளை, நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா என்று மலையேறி இறங்கி, கரடியனாறு கடந்து செங்கலடிச் சந்தியில் வந்து முடிகிறது. ஏறத்தாழ 275 கிலோமீற்றர். செங்கலடிக்குப் பக்கத்து ஊர் ஏறாவூர். வீதியின் பேராதனை முனையில் இலங்கையின் ஒரே மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. இந்த முனையில் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி நடக்கும் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

வெளிநாட்டில் உழைத்த காசில் கட்டிய வீடு. சுற்றுமதில், இரும்புக் கேற், காவலுக்கென்று கொழும்புப் பக்கமிருந்து கொண்டுவந்த அல்சேஷன் குட்டி. ஐந்தாம் மாதம் ஒரு நாள் காலையில் படுத்திருந்து எழும்பும்போது இடது முன்னங்காலை ஊன்றத் தயங்குகிறது. கொஞ்ச நேரம் நடந்ததும் சரியாகிவிடுகிறது. வீட்டில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “எங்கயும் பாஞ்சு விளையாடி அடிபட்டிருக்கும். மறுகா பாப்பம்.”

மட்டக்களப்புத் தமிழில் ‘மறுகா’ (பிறகு) என்பது அருமையான சொல். அவசரப்படாதே என்ற ஆறுதல் அதற்குள் இருக்கிறது. ஆனால் இந்த நோய்க்கு மட்டும் அந்தச் சொல் ஆகாது. குட்டியின் மூட்டும் வீட்டின் கணக்கும், முதல் நொண்டலுக்கு முன்னரும் அதை ஒட்டிய சில வாரங்களிலுமே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன.

மூன்று எலும்பு, ஒரு மூட்டு

நாயின் முன்னங்கால் முழங்கை, மார்போடு ஒட்டி மேலே இருக்கும் மூட்டு. மேற்கை எலும்பு ஒன்றும் கீழே இரண்டு எலும்புகளும் அங்கே பொருந்துகின்றன. வளரும் வயதில் கீழுள்ள இரண்டும் ஒரே வேகத்தில் வளரவேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால், கதவும் நிலையும் பொருந்தாத வீடுபோல மூட்டு உராயத் தொடங்கும்.

இதைத்தான் ‘எல்போ டிஸ்பிளேசியா’ என்கிறார்கள். முழங்கை மூட்டு சரியாக உருவாகாமற் போவது என்று சொல்லலாம். ஒரே பெயருக்குள் பல குறைகள் அடங்கும். சில நாய்களில் மூட்டின் உட்பக்கத்தில் ஒரு சிறு எலும்பு முனை உடைந்து துண்டாகிறது. சிலவற்றில் குருத்தெலும்பு மடல்போல உரிகிறது. அல்சேஷனில் அடிக்கடி காண்பது இன்னொன்று: முழங்கையின் பின்புறக் கொக்கி போன்ற எலும்புப் பகுதி, குட்டிக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும்போது கீழெலும்போடு ஒட்டிவிட வேண்டும், ஒட்டாமல் தனித்து நின்றுவிடுகிறது. நான்காவது, மூன்று எலும்புகளும் ஒன்றோடொன்று பொருந்தாமலே இருப்பது.

எந்தக் குறையானாலும் வந்து சேரும் இடம் ஒன்றே: மூட்டுத் தேய்வு. நிற்கும் நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. முப்பது, நாற்பது கிலோ நாய்க்கு அது எவ்வளவு பாரம் என்பது சொல்லாமலே விளங்கும்.

லாப்ரடோர், கோல்டன் றிற்றீவர், றொட்வைலர், அல்சேஷன், பேர்னீஸ் மலைநாய், மாஸ்ரிவ் வகைகள் ஆகியவை இந்த நோய்க்குப் பேர்போனவை. பெண் குட்டிகளைவிட ஆண் குட்டிகளில் அதிகம். நான்கு மாதம் முதல் பத்து மாதத்துக்குள் நொண்டல் தெரியத் தொடங்குவது வழக்கம். இரண்டு முழங்கையும் சேர்ந்து பாதிக்கப்படுவதும் சாதாரணம். அப்படியானால் நாய் வெளிப்படையாக நொண்டாமல் இருக்கலாம். இரண்டு காலும் நோவதால் எந்தப் பக்கம் சாய்வதென்று அதற்கே தெரியாது. பாதங்களை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு குறுகிய எட்டு வைத்து நடக்கும். “இது சோம்பேறிக் குட்டி” என்று வீட்டார் சிரிப்பார்கள்.

தாய் தகப்பனைப் பார்

மாடு வாங்கும்போது கிழக்கில் எவரும் பல்லையும் மடியையும் பார்க்காமல் காசை எண்ணுவதில்லை. நாய்க்குட்டி வாங்கும்போது காதையும் நிறத்தையும் பார்த்து மயங்கிவிடுகிறோம்.

முழங்கை நோய் பரம்பரை வழி வருவது. ஒரு மரபணுவின் வேலையன்று. பல சேர்ந்து நடத்துவது. ஆகவே நன்றாக நடக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் நோயுள்ள குட்டி பிறக்கலாம். நடையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, எக்ஸ்றே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். 1989இல் உருவான சர்வதேச முழங்கைப் பணிக்குழு, எக்ஸ்றேயைப் பார்த்து நாயின் முழங்கையைப் பூச்சியத்திலிருந்து மூன்று வரை தரம் பிரிக்கும் முறையை வகுத்தது. பூச்சியம் என்றால் குறையில்லை, மூன்று என்றால் கடுமை. 1966 முதல் இயங்கும் அமெரிக்க விலங்கு எலும்பு நோய் அமைப்பு, இரண்டு வயது நிறைந்த நாய்க்கே முழங்கைச் சான்று வழங்குகிறது. பல நாடுகளில் பொறுப்பான வளர்ப்பாளர்கள் இத்தகைய சான்று இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடுவதில்லை.

இங்கே குட்டி விற்பவர் ‘பேப்பர் இருக்கு’ என்பார். அந்தப் பேப்பர் சொல்வது பரம்பரைப் பட்டியலை: இன்னார் மகன், இன்னார் பேரன். முழங்கையைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. “தாய், தகப்பன் இரண்டுக்கும் முழங்கை எக்ஸ்றே எடுத்தீர்களா?” என்ற கேள்விக்குச் செலவு ஒரு சதமும் இல்லை. வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் விற்கிறவர்கள் எடுக்கத் தொடங்குவார்கள்.

செலவு எங்கே ஏறுகிறது?

இந்த நோயின் செலவு ஒரே தடவையில் கொட்டும் செலவு இல்லை. படிப்படியாக ஏறும்.

முதற்படி, நோயைக் கண்டுபிடிப்பது. காலை மடக்கி நீட்டிப் பார்ப்பதில் சந்தேகம் வரும். எக்ஸ்றேயில் பாதி தெரியும். பெரிய நாய் அசையாமல் கிடக்காது, ஆகவே மயக்கம் கொடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு முழங்கையையும் பல கோணத்தில் எடுக்க வேண்டும். உட்பக்கத்தில் உடைந்த சிறு துண்டு எக்ஸ்றேயில் ஒளிந்துகொள்ளும். அதற்கு சீ.ரீ. ஸ்கேன்தான் நம்பகமான வழி.

இரண்டாம் படி, சத்திரசிகிச்சை. சிறு துளை வழியாக மூட்டுக்குள் கமரா விட்டு உடைந்த துண்டை எடுக்கும் முறை பல நாடுகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒட்டாமல் நிற்கும் கொக்கி எலும்புக்கு, காலத்தோடு கண்டுபிடித்தால், கீழெலும்பில் ஒரு வெட்டுப் போட்டு அழுத்தத்தைக் குறைத்தோ திருகாணியால் பிணைத்தோ ஒட்டவைக்கப் பார்ப்பார்கள். குட்டி வளர்ந்துகொண்டிருக்கும் மாதங்களில் மட்டுமே இதற்கு நல்ல பலன் உண்டு. ‘மறுகா’ என்று தள்ளிப்போட்டால் இழப்பது இந்த வாய்ப்பைத்தான். அமெரிக்காவில் ஒரு முழங்கைச் சிகிச்சைக்கே சில ஆயிரம் டொலர் போகும். இரண்டு முழங்கையென்றால் கணக்கும் இரண்டு.

மூன்றாம் படிதான் நீளமானது. சத்திரசிகிச்சை செய்தாலும் மூட்டுத் தேய்வு முற்றாக நின்றுவிடுவதில்லை. வலிமருந்து, இடைக்கிடை இரத்தப் பரிசோதனை, எடைக் கட்டுப்பாடு, தேகப்பயிற்சி என்று பத்து வருடம் போகும்.

ஏறாவூரில் இருப்பவருக்கு நாலாவது படியும் உண்டு: வழி. ஏ-5இல் வந்து பதியத்தலாவையில் பிரிந்து மகியங்கனை ஊடாகக் கண்டிக்கு ஏறவேண்டும். முப்பது கிலோ நாயைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. வான் பிடிக்க வேண்டும். பரிசோதனைக்கு ஒரு பயணம், சிகிச்சைக்கு ஒன்று, தையலும் காலும் பார்க்க இன்னொன்று. கூடப் போகிறவரின் நாட்சம்பளத்தையும் சேர்த்தால் வைத்தியச் செலவோடு வழிச்செலவும் போட்டிபோடும்.

1924இல் ஒரு சுவீடன் நாய்

மனிதருக்கு உள்ளதுபோல் நாய்க்கும் காப்புறுதி என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். உலகில் அது நூறு வருடப் பழக்கம். குதிரைக்கும் மாட்டுக்கும் காப்புறுதி செய்துவந்த சுவீடனில் 1924இல் நாய்க்கும் பத்திரம் எழுதினார்கள். பிரித்தானியாவில் 1947இலும், அமெரிக்காவில் 1982இலும் அது தொடங்கியது. தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ‘லாஸி’ நாய்தான் அமெரிக்காவின் முதல் காப்புறுதிதாரர். பிரித்தானியக் காப்புறுதி நிறுவனங்கள் 2022ஆம் ஆண்டில் செல்லப்பிராணிகளுக்காகக் கொடுத்த இழப்பீடு முதன்முறையாக நூறு கோடி பவுணைத் தாண்டியது.

பக்கத்தில் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி பெருநகரத்து நாய்களுக்கு இன்றும் பெரிய புகலிடம். இந்தியாவில் பொதுத்துறைக் காப்புறுதி நிறுவனங்கள் முன்பே நாய்க்குப் பத்திரம் எழுதிவந்தன. 2020இல் பஜாஜ் அலியான்ஸ் போன்ற தனியார் நிறுவனங்களும் இறங்கின. பெரும் இனங்களுக்கு இந்தப் பத்திரங்களில் வயது வரம்பு குறைவு. ஆயுள் குறைந்த நாய் சீக்கிரம் செலவு வைக்கும் என்பது கம்பனிக்குத் தெரியும்.

இதன் அடிப்படை நமக்குப் புதிதல்ல. நம் ஊர்களில் மரண சகாய சங்கம் இருக்கிறது, ஜனாஸா நலன்புரிச் சங்கம் இருக்கிறது. மாதம் சிறு தொகை எல்லாரும் கட்டுகிறோம். யார் வீட்டில் மையித்து விழுகிறதோ அந்த வீட்டுக்குச் சங்கம் கைகொடுக்கிறது. பலர் சிறிதாகப் போட்டுச் சிலரின் பெருஞ்சுமையைத் தாங்குவது. இலங்கையில் 1999 முதல் இயங்கும் அமானா தக்காஃபுல் போன்ற இஸ்லாமியக் காப்புறுதியும் இதே பொதுத்தொட்டி எண்ணத்தில் எழுந்ததுதான்.

ஆனால் சங்கத்துக்கும் கம்பனிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கம்பனி பத்திரம் எழுதுமுன் சில கதவுகளை மூடிவிடும். முழங்கை நோயுள்ள நாய் முட்டிக்கொள்வது அந்தக் கதவுகளில்தான்.

ஒன்று, ‘முன்பே இருந்த நோய்’. பத்திரம் எழுதுமுன் குட்டி நொண்டியதாக வைத்தியர் ஒரு வரி எழுதியிருந்தாலும் அந்த மூட்டுக்கு இழப்பீடு வராது. இரண்டு, காத்திருப்புக் காலம். கையெழுத்திட்டு இத்தனை நாள், சில இடங்களில் மூட்டு நோய்க்கென்றே இத்தனை மாதம் கழிந்தால்தான் உரிமை தொடங்கும். மூன்று, பரம்பரை நோய் விலக்கு. சில பத்திரங்கள் பிறவிக் குறைகளை முழுதாக ஒதுக்கிவிடும். நான்கு, ‘இருபக்க விதி’. இடது முழங்கையில் முன்பே நோய் இருந்தால் நாளை வலது முழங்கையில் வருவதும் பழைய நோய் என்றே கணக்கிடப்படும். ஐந்து, எல்லை. ஒரு நோய்க்கு ஒரு வருடம் மட்டும் கொடுக்கும் பத்திரமும் உண்டு. நாயின் ஆயுள் வரை வருடாவருடம் புதுப்பிக்கும் பத்திரமும் உண்டு. பத்து வருட நோய்க்கு ஒரு வருடப் பத்திரம் எடுப்பது, மழைக்காலம் முழுவதுக்கும் ஒரு நாள் குடை வாங்குவது போல.

நான்காம் மாதத்தில் வெளிப்படக்கூடிய நோய்க்கு, நொண்டல் தெரியுமுன், காத்திருப்புக் காலமும் கழியும்படி பத்திரம் எழுதவேண்டும். குட்டி வீட்டுக்கு வந்த வாரமே அதைச் செய்யாதவருக்கு இந்த நோயைப் பொறுத்தவரை பத்திரம் இருந்தும் இல்லாததுதான்.

காப்புறுதிக்கு இன்னொரு முகமும் உண்டு. காசு கொடுக்கக் கம்பனி இருக்கிறது என்றால் சிகிச்சையின் விலையும் மெல்ல ஏறும் என்ற முறைப்பாடு பிரித்தானியாவில் பலமாக எழுந்தது. செல்லப்பிராணி வைத்தியத் துறையின் விலையையும் போட்டியையும் ஆராய அந்நாட்டுப் போட்டி, சந்தை அதிகாரசபை 2024 மே மாதம் முழு விசாரணையைத் தொடங்கியது. பத்திரம் இல்லாதவர் அந்த ஏறிய விலையையே கையிலிருந்து கட்டவேண்டியிருக்கிறது.

மாட்டுக்கு உண்டு, நாய்க்கு?

விலங்குக் காப்புறுதி என்பதை இலங்கைச் சட்டம் அறியாததல்ல. 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபை பயிர்களோடு கால்நடைகளுக்கும் காப்புறுதி வழங்குகிறது. ஏறாவூர்ப்பற்றின் மேற்கே மேய்ச்சல் தரைகளில் மாடு வைத்திருப்போருக்கு அதன் அருமை தெரியும். 2022 டிசம்பரில் மாண்டூஸ் சூறாவளியோடு வந்த கடுங்குளிரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் விறைத்துச் செத்தன. மாடு வருமானம், அதன் சாவுக்கு ஒரு விலை உண்டு, அந்த விலைக்குப் பத்திரம் எழுதலாம்.

வீட்டு நாய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதன் வைத்தியச் செலவு பெரும்பாலும் அது வாங்கப்பட்ட விலையைவிடக் கூடியது. நம் சட்டங்களும் நாயை வேறு கண்ணால் பார்த்தவை. விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901இல். இரண்டும் நாயிடமிருந்து மனிதரைக் காக்க எழுந்தவை. அந்த நோக்கம் இன்றும் தேவையானதே. அரசு இலவசமாகப் போடும் விசர்நோய்த் தடுப்பூசி எத்தனையோ உயிர்களைக் காக்கிறது.

ஆனால் காப்புறுதி வேரூன்ற வேண்டுமானால் நாய்க்கு முதலில் ஓர் அடையாளம் வேண்டும். இந்த நாய்தான் அந்த நாய் என்று நிறுவ ஒரு பதிவு, அல்லது தோலுக்கடியில் ஒரு மைக்ரோசிப். அடுத்தது தரவு. எந்த இனத்தில் எத்தனைக்கு முழங்கை நோய் வருகிறது, எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் கட்டுப்பணம் நிர்ணயிக்க முடியாது. சுவீடனில் காப்புறுதிக் கோரிக்கைகளின் பதிவேடுகளே பின்னர் எந்த இனத்துக்கு எந்த நோய் என்று ஆராய்ச்சியாளருக்குச் சொல்லிக்கொடுத்தன. பதிவு இல்லாத நாட்டில் கம்பனி பயந்து கூடிய தொகை கேட்கும், அல்லது பரம்பரை நோயை ஒதுக்கிவிடும்.

> கையெழுத்துக்கு முன் ஆறு கேள்விகள்
>
> உள்ளூரிலோ வெளிநாட்டிலோ நாய்க்குப் பத்திரம் எழுத வாய்ப்புக் கிடைத்தால் இவற்றைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.
>
> 1. பரம்பரை, பிறவி நோய்கள் அடங்குமா? முழங்கை, இடுப்பு மூட்டு நோய்கள் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றனவா?
> 2. மூட்டு நோய்க்குக் காத்திருப்புக் காலம் எத்தனை நாள்?
> 3. இருபக்க விதி உண்டா?
> 4. எல்லை ஒரு நோய்க்கா, ஒரு வருடத்துக்கா, ஆயுளுக்கா?
> 5. ஒவ்வொரு தடவையும் நாம் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கு எவ்வளவு?
> 6. சத்திரசிகிச்சை மட்டுமா, எக்ஸ்றே, ஸ்கேன், நீண்டகால மருந்தும் சேர்த்தா?
>
> இலங்கையில் பத்திரம் தருபவர் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவுபெற்ற நிறுவனமா என்று பாருங்கள். குட்டியின் பழைய நொண்டலை மறைக்காதீர்கள். பின்னர் தெரியவந்தால் முழுப் பத்திரமும் செல்லாமற் போகலாம்.

முற்றத்து நாய்

ஏறாவூர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். சுற்றிவரத் தமிழ்க் கிராமங்கள். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் வீடுகளில் நாய் வீட்டுக்குள் வராது. எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணால். ஆனால் காவலுக்கும் மந்தைக்கும் நாய் வைக்க மார்க்கத்தில் இடமுண்டு. தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரின் கதையும் ஹதீஸில் உண்டு. அந்த எல்லைக்குள் நின்றே ஒரு காவல்நாயை வலியில்லாமல் வைத்திருக்க முடியும்.

முழங்கை நோயுள்ள நாய்க்கு வழுக்கும் மாபிள் தரையைவிட மணல் முற்றம் நல்லது. கட்டிய சீமெந்துத் தரையில் படுக்கும் நாய்க்கு ஒரு பழைய மெத்தைத் துண்டு போதும். நீந்துவது மூட்டுக்குப் பாரம் கொடுக்காத பயிற்சி. ஆனால் மட்டக்களப்பு வாவியில் முதலை உண்டென்பது இங்கே பிறந்தவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வெயில் ஏறுமுன், புன்னைக்குடாக் கடற்கரை ஈரமணலில் கயிற்றோடு மெதுவாக ஒரு நடை போதும். பந்தெறிந்து பாயவிடுவது, மதிலில் ஏறவிடுவது, மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிடுவது மூட்டைக் கெடுக்கும்.

வலிக்குது என்று பனடோலோ புரூஃபனோ டிக்ளோஃபெனக்கோ கொடுக்கவே கூடாது. மனிதருக்கான வலிமாத்திரை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். சில வேளை கொன்றுவிடும். நாய்க்கென்று உள்ள மருந்தை, நாயின் எடைக்கு அளந்து, மிருக வைத்தியரே தரவேண்டும்.

கையிலுள்ள பத்திரம்

கம்பனி எழுதாத ஒரு பத்திரத்தை ஒவ்வொரு வீடும் எழுதிக்கொள்ளலாம். அதன் முதல் விதி சோற்றுக்கோப்பையில் இருக்கிறது.

2002இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடோர் நாய்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்தார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு வழக்கமான தீனி, மற்றதற்கு அதைவிடக் கால்பங்கு குறைவு. குறைவாகத் தின்றவை நடுக்கணக்கில் ஏறக்குறைய 1.8 வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. மருந்தும் இல்லை, ஸ்கேனும் இல்லை. மெலிவாக வைத்திருந்ததே காரணம். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும்.

பெரிய இனக் குட்டியை ‘சீக்கிரம் வளரட்டும்’ என்று ஊட்டுவதும், எலும்பு பலமாகட்டும் என்று கல்சியம் மாவும் சிரப்பும் கொடுப்பதும் நன்மைபோலத் தோன்றும் தீமை. முதல் ஆறு மாதத்தில் குட்டியின் குடலால் மிகுதிக் கல்சியத்தைத் தடுக்க முடியாது. அது எலும்பு வளரும் ஒழுங்கையே குழப்பும்.

இரண்டாம் விதி, நாட்குறிப்பு. நொண்டல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாலோ, போய்ப் போய்த் திரும்பி வந்தாலோ ஊரிலுள்ள அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். “இரண்டு முழங்கையும் எக்ஸ்றே எடுக்கவேணும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். படுக்கையிலிருந்து எழும்பும் காட்சியைக் கைபேசியில் பதிந்து கொண்டுபோங்கள். வைத்தியரைக் கண்டதும் நாய்க்கு வலி மறந்துவிடும்.

மூன்றாம் விதி, சீட்டு. பெண்கள் கூடிப் போடும் சீட்டின் கணக்கு நம் எல்லாருக்கும் தெரியும். குட்டி வந்த நாளிலிருந்து நாளொன்றுக்கு நூறு ரூபா ஒதுக்கினால் மாதம் மூவாயிரம், வருடம் முப்பத்தாறாயிரம். நோய் வராவிட்டால் காசு வீட்டிலேயே இருக்கும்; கம்பனிக்குக் கட்டிய பணம் திரும்பி வராது. இதன் குறையும் சொல்லவேண்டும்: குட்டியின் ஐந்தாம் மாதத்தில் நோய் வந்தால் உண்டியலில் பதினைந்தாயிரம்கூடச் சேர்ந்திருக்காது. அதனால்தான் முதல் ஒரு வருடத்தின் செலவைக் குட்டியின் விலையோடு சேர்த்தே எண்ணவேண்டும். குட்டிக்கு மட்டும் காசு வைத்திருப்பவர் ஒரு பெரிய நாயை வாங்கத் தயாரில்லை என்பதே நேர்மையான கணக்கு. காவலுக்கு நாய்தான் வேண்டுமென்றால், நம் தெருக்களிலேயே பிறந்து, வாவிக்கரை வெயிலுக்கும் மணலுக்கும் பழகிய ஊர்நாய்க்குட்டி இருக்கிறது. பாரமில்லாத உடம்பு, இந்த நோய் அதை நாடுவது அரிது.

அல்சேஷனோ லாப்ரடோரோ ஏற்கெனவே உங்கள் முற்றத்தில் நிற்கிறதென்றால் இன்று பின்னேரம் அதை நேராக நடக்கவிட்டு, முன்னங்கால் இரண்டையும் பாருங்கள். தலை ஒரு பக்கம் ஏறி இறங்கினால் நாளைக் காலை மிருக வைத்தியரிடம் போங்கள். மறுகா வேண்டாம்.